தாத்தாவின் மூன்றாம் தொகுதி

மாலை நடைக்கு வருகிறவர்களுக்கு பி பிளாக் முன்னால் இருக்கும் சிமெண்ட் பெஞ்ச் தெரியும். மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் இரண்டாவது மாடி பாய் அங்கே வந்து உட்கார்ந்து டேப்லெட்டைத் திறப்பார். செய்தி பார்க்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் பழுப்பேறிய தாளில் நெருக்கமான உருது எழுத்து. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். மார்க்கப் புத்தகமா என்று கேட்டேன். சிரித்தார். "மந்திரவாதிக் கதை சார். எங்க தாத்தா படிச்சது."

புத்தகத்தின் பெயர் 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. திலிஸ்ம் என்றால் மந்திரத்தால் கட்டிய மாய உலகம். ஹோஷ்ருபா என்றால் அறிவைக் களவாடுவது. அமீர் ஹம்ஸா என்ற வீரரைச் சுற்றிப் பாரசீகத்தில் வாய்வழியாக வளர்ந்த பெருங்கதையின் ஒரு கிளை இது. அக்பர் அந்த ஹம்ஸா கதைக்குத் துணியில் சுமார் 1,400 ஓவியங்கள் வரையச் செய்தார். அந்த வேலை முடியப் பதினைந்து வருடம் போல ஆனது. இன்று மிஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு. கவிஞர் காலிபுக்கும் இந்தக் கதைகள் மேல் பித்து உண்டு. ஹம்ஸா புத்தகம் கைக்கு வந்த சந்தோஷத்தை நண்பருக்குக் கடிதமாகவே எழுதியிருக்கிறார்.

டெல்லியிலும் லக்னோவிலும் இதைச் சொல்வதற்கென்றே 'தாஸ்தான்கோ' எனப்படும் கதைசொல்லிகள் இருந்தார்கள். ஒரே கதையை மாதக்கணக்கில் இழுப்பார்கள். 1858-ல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் அவர்களைப் பிடித்து எழுத வைத்தது. ஹோஷ்ருபாவின் முதல் தொகுதி 1883-ல் வெளிவந்தது. நான்கு தொகுதிகளை எழுதிய முகமது உசேன் ஜாஹ் விலகிவிட, மிச்சத்தை அகமது உசேன் கமர் முடித்தார். மொத்தம் ஏழு தொகுதி, சுமார் 8,000 பக்கம். ஹம்ஸா வரிசை முழுவதையும் சேர்த்தால் 46 தொகுதிகள்!

கதையில் அஃப்ராசியாப் என்பவன் மந்திரவாதிகளின் சக்கரவர்த்தி. அவன் நாட்டில் கண்ணுக்குத் தெரிகிற பாதி ஒன்று, தெரியாத பாதி ஒன்று. நடுவே ரத்த ஆறு ஓடுகிறது. அவனை எதிர்ப்பவர்களில் எல்லோருக்கும் பிடித்தவன் அமர் அய்யார். பெரிய வீரனெல்லாம் இல்லை. மாறுவேடம், மயக்கப்பொடி, வாய்ச்சாலகம், இவைதான் ஆயுதம். அவனுடைய பைக்குள் ஊரையே போட்டாலும் நிறையாது. போர்த்தினால் ஆள் மறைந்துபோகும் போர்வையும் உண்டு. (ஹாரி பாட்டர் 1997-ல்தான் வந்தது. அதற்கும் ஏழு பாகம்தான் என்று என் பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.)

லக்னோ புத்தகத்துக்கு ஆம்பூரில் என்ன வேலை? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்று ஊரிலும் தோல் வியாபாரக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுமொழி உருது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது. தோல் ஷாப்பில் கணக்கு தமிழில் நடந்தாலும், ராத்திரி வாசிப்பு உருதுவில் நடந்த வீடுகள் உண்டு. பாயின் தாத்தா சுதந்திரத்துக்கு முன்பு வியாபார விஷயமாகக் கான்பூர் போனவர். லக்னோ அங்கிருந்து பக்கம்தான். திரும்பும்போது பெட்டியில் ஹோஷ்ருபாவின் முதல், இரண்டாம், நான்காம் தொகுதிகள் இருந்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. மூன்றுக்கும் சொந்த ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலில் அட்டை போட்டாராம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் அவர் படிப்பார், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். மூன்றாம் தொகுதி மட்டும் புத்தகம் இல்லாமலே நடந்தது. பாய்க்குப் பிடித்த கட்டம் அதில்தான். மந்திரவாதி துரத்த, அமர் ஒரு தோல் ஷாப்புக்குள் ஓடி, சுண்ணாம்புக் குழியில் கழுத்துவரை இறங்கி நிற்பான். துரத்தி வந்தவன் நாற்றம் தாங்காமல் மந்திரத்தையே மறந்து ஓடுவான்.

தாத்தா போனார். புத்தகங்களைக் கரையான் தின்றது. தோல் அட்டை மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகம் 1988-ல் ஹோஷ்ருபாவை மறுபதிப்புச் செய்த சேதி ஆம்பூர்வரை எட்டவில்லை. அலகாபாத்தில் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி பல வருடம் அலைந்து 46 தொகுதிகளையும் சேர்த்தார். அவர் தூண்டுதலில் 2005-ல் மஹ்மூத் ஃபாரூக்கி டெல்லி மேடையில் கதைசொல்லும் கலையைத் திரும்பத் தொடங்கினார். 2013-ல் ரேக்தா இணையதளம் வந்தது. பழைய உருது நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைத்தார்கள். கல்லச்சுக்காகக் கையால் எழுதிய பொடி எழுத்து அது. கண்புரை அறுவை செய்துகொண்ட பாய்க்கு அசல் புத்தகம் கையில் இருந்தாலும் படித்திருக்க முடியாது. திரையில் முடிகிறது.

முதலில் அவர் தேடியது மூன்றாம் தொகுதியை. இரண்டு மாதம் படித்தார். சுண்ணாம்புக் குழி இல்லை. பக்கம் விட்டுப்போயிற்றோ என்று மறுபடி படித்தார். லக்னோ மந்திரவாதி ஆம்பூர் தோல் ஷாப்புக்கு எப்படி வருவான் என்பது அப்புறம்தான் உறைத்தது என்கிறார்.

தாத்தா பொய் சொல்லிவிட்டார் என்று கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தாராம். நான் ஒன்று சொன்னேன். பாரசீக ஹம்ஸா கதையில் ஹோஷ்ருபா என்ற நாடே கிடையாது. லக்னோ கதைசொல்லிகள் சேர்த்ததுதான் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் செய்ததைத்தான் உங்கள் தாத்தாவும் செய்திருக்கிறார். பாய் பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அச்சான ஏழும் இப்போது பத்திரம். தாத்தாவின் மூன்றாவது பாயின் நினைவில் மட்டும் இருக்கிறது, அதிலும் ஓட்டை விழுகிறது. குழியிலிருந்து அமர் எப்படி வெளியே வந்தான் என்பது போன வாரம் ஞாபகம் வரவில்லை. ஆவாரம்பட்டை மூட்டையில் ஏதோ செய்வான் என்கிறார். பேரனுக்கு உருது படிக்க வராது, தமிழில் சொன்னால் கேட்கிறான். போனில் பதிவும் செய்கிறான்; இதுவரை நான்கு மாலை ஆகியிருக்கிறது.

சனிக்கிழமைகளில் இஷா தொழுகைக்கு முன்பு, அதே பெஞ்ச். கதை தமிழில்தான். கொசுவர்த்தி நான் கொண்டுவருகிறேன்.