இடுப்புக் கிண்ண முறிவு: குணமடைந்ததை எப்படி அளக்கிறார்கள்?

மும்பை: இடுப்புக் கிண்ண முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவரின் எக்ஸ்-ரே படத்தில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கலாம். ஆனால் அவரால் வலியின்றி நடக்கவும், படியேறவும், குந்தி உட்கார்ந்து எழவும் முடிகிறதா என்பதை அந்தப் படம் காட்டாது. அதை அறியவே மருத்துவர்கள் மதிப்பெண் அட்டவணைகளைப் பயன்படுத்துகின்றனர்.

தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி பொருந்தியிருக்கும் குழியே இடுப்புக் கிண்ணம். மருத்துவத்தில் இது அசிட்டாபுலம் எனப்படுகிறது. சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல் ஆகியவை இளவயதினருக்கு இம்முறிவு ஏற்பட முக்கியக் காரணங்கள். முதியோருக்குச் சாதாரணமாக வழுக்கி விழுந்தாலும் நேரலாம். உடைந்த பரப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் குருத்தெலும்பு தேய்ந்து, நாளடைவில் மூட்டுத் தேய்வு உண்டாகக்கூடும்.

உலகெங்கும் புழக்கத்தில் உள்ள ஹாரிஸ் இடுப்பு மதிப்பெண் முறை இந்த முறிவோடு நேரடித் தொடர்புடையது. இடுப்பு மூட்டு விலகல், கிண்ண முறிவு ஆகியவற்றுக்குப் பின் வரும் மூட்டுத் தேய்வுக்கான அறுவை சிகிச்சையின் பலனை அளக்க, அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 1969-ல் இதனை வெளியிட்டார். மொத்தம் 100 மதிப்பெண். வலிக்கு 44, செயல்பாட்டுக்கு 47, மூட்டின் அசைவுக்கு 5, ஊனமின்மைக்கு 4. மொத்தம் 90-க்கு மேல் என்றால் மிக நன்று, 70-க்குக் கீழ் என்றால் மோசம்.

இதற்கு முன்பே, 1954-ல் மெர்ல் டோபின்யே, போஸ்டல் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் வலி, நடை, அசைவு ஆகிய மூன்றுக்கும் தலா 6 என 18 மதிப்பெண் முறையை அளித்திருந்தனர். கிண்ண முறிவு ஆய்வுகளில் அதன் திருத்திய வடிவமே அதிகம் காணப்படுகிறது. அத்திருத்தத்தைச் செய்த ஜோயல் மட்டா 1996-ல் 262 முறிவுகளின் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் 76 சதவீதம் நன்று அல்லது மிக நன்று என மதிப்பிடப்பட்டன.

ஹாரிஸ் அட்டவணையின் செயல்பாட்டுப் பகுதியைக் கவனித்தால் அது எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கும். நடக்கும் தூரம் அமெரிக்க நகரத் தெருக்களின் கணக்கில் கேட்கப்படுகிறது. நாற்காலியில் ஒரு மணி நேரம் வசதியாக அமர்ந்தால் 5, காலணியும் காலுறையும் எளிதாக அணிந்தால் 4, பொதுப் போக்குவரத்தில் ஏற முடிந்தால் 1. காலை நேரத்தில் மான்குர்த் நிலையத்தில் மின்சார ரயிலைப் பிடிப்பவர்கள் அந்த ஒரு மதிப்பெண்ணை ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகமே. குந்தி உட்காருவதற்கும் சம்மணமிடுவதற்கும் அட்டவணையில் இடமே இல்லை.

மான்குர்த்துக்கு அருகே, ட்ராம்பே பகுதியில் உள்ள சீத்தா கேம்ப்பில் இந்த விடுபாடு பெரிதாகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976 மே மாதம் அகற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் இது. தமிழர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், இங்குக் கணிசமாக வாழ்கின்றனர். மும்பையின் இத்தகைய குடியிருப்புகளில் பலருக்குப் பொதுக் கழிப்பறையே கதி. மேல்தளத்துக்குச் செங்குத்தான ஏணியில் ஏற வேண்டும். உணவும் தொழுகையும் தரையில்தான். இவற்றில் எதுவும் முடியாத ஒருவர் ஹாரிஸ் முறையில் 90-க்கு மேல் பெற முடியும். எனவே மதிப்பெண்ணுடன் இவற்றையும் மருத்துவரிடம் கூறிப் பதிவு செய்யச் சொல்வது நல்லது. எனினும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொடக்க வாரங்களில் குந்தி உட்காருவதை மருத்துவர் அனுமதியின்றி முயலக் கூடாது.

அளவீட்டை ஒரே நாளில் முடித்துவிட முடியாது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது சிதைவது பல மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், ஓராண்டுக்குப் பிறகும் பரிசோதனை தொடர்கிறது.

விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் இக்கேள்வி எழுகிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருவாய் இழப்பின் சதவீதமாகக் கொள்ள முடியாது என்றது. இடது கையை இழக்கும் ஓட்டுநர் அல்லது தச்சரின் வருவாய் இழப்பு ஏறத்தாழ முழுமையானதாக இருக்கலாம். அரசு எழுத்தருக்கு வேலையே போகாமலிருக்கலாம். ஊனத்தின் அளவை மட்டுமே மருத்துவர் சொல்ல முடியும், வருவாய் இழப்பைத் தீர்ப்பாயமே கணக்கிட வேண்டும் எனவும் அத்தீர்ப்பு கூறுகிறது.