ஓசியில் வந்த எஞ்சின்

2003 ஜனவரி 7. சான்பிரான்சிஸ்கோ. மேக்வேர்ல்ட் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், சஃபாரி என்றொரு புது பிரவுசரை எடுத்து வெளியே விட்டார். கூடவே ஒரு தகவலும் சொன்னார். உள்ளே ஓடுகிற எஞ்சின் ஆப்பிள் சொந்தமாக எழுதியதல்ல. கேஹெச்டிஎம்எல் என்கிற ஓப்பன் சோர்ஸ் சரக்கு.

ஆப்பிளா? டப்பாவின் வடிவம் தொடங்கி உள்ளே இருக்கிற ஸ்க்ரூ வரைக்கும் தன் இஷ்டப்படிதான் இருக்கவேண்டும் என்று அடம் பிடிக்கிற கம்பெனி ஆயிற்றே? லினக்ஸுக்குப் பார்க்க லட்சணமாக ஒரு முகப்பு வேண்டுமென்று 1996-ல் ஜெர்மனியில் ஒரு மாணவர் ஆரம்பித்த கேடிஇ என்கிற திட்டத்தில், லார்ஸ் நோல் முதலான சில இளைஞர்கள் எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று விட்டுவைத்திருந்த சமாசாரம் அது. அதைப் போய் ஏன் எடுத்தார்கள்?

அதற்கு முன்னால், எஞ்சின் என்றால் என்ன?

ஒரு வெப்சைட் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும்போது வெறும் எழுத்தாகத்தான் வருகிறது. இது தலைப்பு, இங்கே படம், இது சிவப்பு, இது கொஞ்சம் தள்ளி என்று குறிப்புகள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு திரையில் பக்கமாக வரைந்து காட்டுவது எஞ்சின் வேலை. நாம் தொடுகிற பட்டன், புக்மார்க், அட்ரஸ் அடிக்கிற பெட்டி எல்லாம் பிரவுசர். ஹோட்டல் கணக்கில் சொன்னால் போர்டு, மேஜை, சர்வர் எல்லாம் பிரவுசர். உள்ளே அடுப்பு முன்னால் நிற்கிற சரக்கு மாஸ்டர்தான் எஞ்சின். அவர் சரியில்லை என்றால் ஏசி போட்டும் பிரயோஜனமில்லை.

இந்த மாஸ்டருக்குச் சம்பளம் ரொம்ப ஜாஸ்தி. இணையத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட பக்கம் அபூர்வம். தப்பும் தவறுமாகக் கிடக்கிற கோடிக்கணக்கான பக்கங்களையும், பார்க்கிறவனுக்கு உறுத்தாமல் காட்டியாக வேண்டும். போதாக்குறைக்கு வருஷா வருஷம் புதுப்புது வித்தைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை எழுதிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார முடியாது. விற்கிற விலையோ பூஜ்யம்.

நான் பி.காம். எந்த சாஃப்ட்வேர் சண்டை என்றாலும் லெட்ஜர் பக்கமாகத்தான் கண் போகும். வரவில் ஒன்றுமில்லாமல் செலவு மட்டும் நீண்டுகொண்டே போகிற ஒரு சொத்தை எவனாவது சொந்தமாக வைத்துக்கொள்வானா?

வைத்துக்கொள்வான். வேறொரு வியாபாரத்துக்கு அது காவல் காக்கும் என்றால்.

மைக்ரோசாஃப்ட் செய்தது அதைத்தான். 1995-ல் ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் மொசைக் பிரவுசரின் லைசென்ஸை வாங்கி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டினார்கள். வருமானத்தில் பங்கு தருவதாகப் பேச்சு. ஆனால் பிரவுசரை விண்டோஸோடு சும்மா கொடுத்துவிட்டால்? வருமானமே இல்லையே, பங்கு எங்கிருந்து வரும்? 1997-ல் 80 லட்சம் டாலரைக் கொடுத்து ஸ்பைகிளாஸின் கணக்கை முடித்தார்கள். அதே வருஷம் வந்த எக்ஸ்ப்ளோரர் 4-ல் ட்ரைடென்ட் என்கிற எஞ்சின். பூட்டிய பெட்டி. வெளியாள் திறந்து பார்க்க முடியாது. உலகத்து வெப்சைட்டுகள் ட்ரைடென்டுக்குப் பழகிவிட்டால், ஜனங்கள் விண்டோஸை விட்டு எங்கே போவார்கள்?

நமக்கும் தெரிந்த கதைதான். அந்தக் காலத் தமிழ் வெப்சைட்டுகள் பலவற்றில், எழுத்துரு தானாக வந்து இறங்குகிற டைனமிக் ஃபாண்ட் ஏற்பாடு இருந்தது. அதில் மைக்ரோசாஃப்ட் வகை ஃபாண்ட், எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். வேறு பிரவுசரில் திறந்தால் ஜிலேபி பிழிந்திருக்கும்.

2001-ல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபோது எதிரே ஆளே இல்லை. உடனே அடுப்பைத் தணித்துவிட்டார்கள். அடுத்த பதிப்பு வர 2006 அக்டோபர் ஆயிற்று. ஐந்து வருஷம் உலகம் பழைய சாம்பாரையே சாப்பிட்டது. பூட்டிய எஞ்சினின் அசல் கோளாறு இதுதான். முதலாளிக்கு ஆர்வம் போய்விட்டால், ரிப்பேர் பண்ண இன்னொருத்தர் கிடையாது.

தோற்றுப்போன நெட்ஸ்கேப் கதை வேறு மாதிரி. வேறு வழியில்லாமல் 1998 மார்ச் 31 அன்று தன் சோர்ஸ் கோடைப் பொதுவில் வைத்தது. அந்தப் பழைய கோடு லாயக்கில்லை என்று கெக்கோ என்ற எஞ்சினைப் புதிதாக எழுத ஆரம்பித்தார்கள். நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏஓஎல், 2003-ல் பிரவுசர் பிரிவையே இழுத்து மூடியது. கெக்கோ சாகவில்லை. மோஸில்லா அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸாக வந்து நின்றது.

இப்போது ஆப்பிள். 1997-ல் மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போட்டது. அந்தப் பேரத்தில் ஒரு ஷரத்து, ஐந்து வருஷத்துக்கு மேக்கில் எக்ஸ்ப்ளோரர்தான் முதல் பிரவுசர். அதாவது ஆப்பிள் கம்ப்யூட்டரில் இணையத்துக்கு இருந்த வாசல், போட்டிக்காரன் கையில். அவன் நாளைக்குச் சாத்திக்கொண்டால்? (2003-ல் நிஜமாகவே சாத்திக்கொண்டார்கள்.)

எனவே 2001-லேயே டான் மெல்டன் என்பவரைப் பிடித்துப் போட்டு ரகசியமாக ஆரம்பித்தாயிற்று. எஞ்சினைப் புதிதாக எழுதினால் வருஷக்கணக்காகும். கென் கோசியெண்டாவும் மெல்டனும் மோஸில்லா கோடோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். மலை மாதிரி இருந்தது. பிறகு வந்து சேர்ந்த ரிச்சர்ட் வில்லியம்சன், கேடிஇ ஆட்களின் காங்கரர் பிரவுசரை எடுத்து ஓரிரு நாளில் மேக்கில் ஓட்டிக் காட்டிவிட்டார். அதன் உள்ளே இருந்ததுதான் கேஹெச்டிஎம்எல். மொத்தமே 1,40,000 வரிக்கும் குறைவு. சஃபாரி வெளியான அன்று கேடிஇ ஆட்களுக்கு மெல்டன் எழுதிய நன்றி மடலில் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தார்.

மடலைப் பார்த்துத்தான் அவர்களுக்கே விஷயம் தெரியும். அதுவரை சஃபாரி வெளியே எந்த வெப்சைட்டுக்குப் போனாலும், தன்னை எக்ஸ்ப்ளோரர் என்றும் பிற்பாடு மோஸில்லா என்றும் பொய் சொல்லிக்கொண்டு மாறுவேஷத்தில் உலாத்தியது.

அளவு சின்னது என்பது ஒரு காரணம். என்னைக் கேட்டால் லைசென்ஸ்தான் பெரிய சமாசாரம். கேஹெச்டிஎம்எல்லின் லைசென்ஸ் எல்ஜிபிஎல். எஞ்சினில் கைவைத்து வெளியிட்டால் அந்த மாற்றத்தை ஊருக்குக் காட்டவேண்டும். அதை வைத்துக் கட்டிய மற்றதைக் காட்டவேண்டியதில்லை. எஞ்சின் பொதுவுக்கு, பிரவுசர் எனக்கு. ஆப்பிளுக்கு இது கசக்குமா என்ன?

ஊருக்குக் காட்டிய லட்சணத்தையும் சொல்லவேண்டும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற விவரமில்லாமல் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிரித்துச் சேர்க்க முடியாமல் கேடிஇ ஆட்கள் 2005-ல் பகிரங்கமாகவே பொருமினார்கள். அந்த ஜூனில் ஆப்பிள் இறங்கிவந்து வெப்கிட் என்ற பெயரில் பட்டறையைத் திறந்துவைத்தது.

திறந்த கதவு வழியே கூகுள் வந்தது. 2008 செப்டம்பரில் வெளியான குரோமின் அடுப்படியில் வெப்கிட்தான். ஐந்து வருஷம் கூட்டுக்குடித்தனம். 2013 ஏப்ரலில் தனிக்குடித்தனம், ப்ளிங்க் என்ற பெயரில். பிரிந்ததும் தங்களுக்கு வேண்டாத 45 லட்சம் வரிகளைத் தூக்கிப் போட முடியும் என்றார்கள். ஆரம்பித்தது 1,40,000 வரிக்குள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஜாஸ்தி என்று சும்மா சொல்லவில்லை.

இந்தச் செலவில் சின்னவர்கள் தாங்குவார்களா? நார்வேயின் ஆபரா, ப்ரெஸ்டோ என்ற சொந்த எஞ்சினோடு பத்து வருஷம் தம் கட்டிப் பார்த்தது. வெப்சைட்காரர்கள் பெரிய பிரவுசரில் மட்டும் சோதித்துவிட்டுப் போய்விட, ஆபராவில் பக்கம் கோணலாக வரும். பழியும் அதன் தலையில்தான். 2013 பிப்ரவரியில் கைவிட்டது. சரி, சின்னக் கம்பெனி. பணத்துக்குப் பஞ்சமே இல்லாத மைக்ரோசாஃப்ட்? எட்ஜுக்கென்று எழுதிய சொந்த எஞ்சினை ஓரம்கட்டிவிட்டு, கூகுளின் குரோமியத்துக்கு மாறுவதாக 2018 டிசம்பரில் அறிவித்தது. குரோம், எட்ஜ், ஆபரா. போர்டு மூன்று, சரக்கு மாஸ்டர் ஒருத்தர்.

அத்தனை செலவு செய்து கூகுள் ஏன் ஊருக்குச் சமைத்துப் போடுகிறது? எஞ்சினுக்குத்தான் வரவு இல்லை. மேலே இருக்கிற தேடல் பெட்டிக்கு உண்டு. சஃபாரியில் தன் தேடல் முதலாவதாக இருக்க, 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்த கணக்கு. மோஸில்லா வருமானத்தின் பெரும்பகுதியும் கூகுள் தருவதுதான். ப்ளிங்குக்கும் வெப்கிட்டுக்கும் வெளியே மிச்சமிருக்கிற ஒரே பெரிய எஞ்சின் கெக்கோ. அதற்குப் படியளப்பது ப்ளிங்கின் முதலாளி!

திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ப்ளிங்கின் கோடு எல்லோருக்கும் இலவசம். அடுத்து என்ன சேர்ப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் பெரும்பாலும் கூகுள் சம்பளக்காரர்கள். வெப்கிட்டும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனால் ஐபோனில் வேறு எஞ்சினே கூடாது என்று ஆப்பிள் வருஷக்கணக்காகச் சட்டம் வைத்திருந்தது. ஐபோனில் குரோம் என்று ஓடியதும் உள்ளே வெப்கிட்தான். ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு அழுத்தியபிறகு, 2024 மார்ச்சில் அங்கே மட்டும் தளர்த்தினார்கள்.

கேஹெச்டிஎம்எல்? கேடிஇ ஆட்களே மேற்கொண்டு வளர்க்காமல் விட்டுவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ ஃப்ரேம்வொர்க்ஸ் 6-ல் அது கிடையாது. காங்கரர் பிரவுசர் இன்னும் இருக்கிறது. பக்கத்தை வரைவது க்யூடி வெப்எஞ்சின். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே கூகுளின் குரோமியம்.