நான் அடித்துவிட்ட ஒரு வரி



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது 1980களில் பிள்ளைகளோடு எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டில் கண்ட செடிகளின் பட்டியல் அது. எருக்கு, நாயுருவி, குப்பைமேனி, ஆவாரை, முடக்கத்தான் என்று போகிறது. அதில் ஒரு வரியைச் சிவப்பு மையால் நானே அடித்திருக்கிறேன். அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

நம் கடற்கரைப் பக்கம் செடிகளைப் பதிவு செய்யும் வேலை மிகப் பழையது. 1768இல் லின்னேயஸின் மாணவர் கோனிக், டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். 1816இல் லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் நம் புதுச்சேரிக்கு வந்தார். இங்கிருந்த செடிகளை ரீயூனியன் தீவுக்கு அனுப்பி வைத்தார். 1826இல் நம் தாவரவியல் பூங்கா உருவானது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பெரோத்தே. வெளிநாட்டு மரங்களை இந்த மண்ணில் பழக்குவதுதான் அவருடைய வேலை. 1867இல் அந்தத் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை அச்சிட்டார். 1870இல் நம் ஊரிலேயே காலமானார்.

பிரெஞ்சு ஆட்சி கைமாறியபின் 1955 மார்ச் 21இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. செயின்ட் லூயி தெருவிலுள்ள அந்தக் கட்டிடத்தில், உலர்த்தி அட்டையில் ஒட்டிய செடிகள் 20,000க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் யார் என்ற குறிப்பு இருக்கும். செடி காய்ந்து நிறம் போகும். ஆனால் இந்த ஊரில், இந்தத் தேதியில் இது இருந்தது என்ற சாட்சி மட்டும் போகாது.

இப்போது ஒரு கேள்வி. நம் பக்கத்துச் செடி எது, வந்தேறிய செடி எது? நம் மாநில மரம் வில்வம், இந்த மண்ணுக்கே உரியது. மாநில மலரான நாகலிங்கமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது! நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காப்புளி, வேலியோரத்துத் தாத்தாப்பூ, நாட்டு வைத்தியர் தேடும் பிரம்மதண்டு எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம்மோடு பழகிப் பழகி அவை நம் ஊர்ப் பெயரே வாங்கிவிட்டன.

எல்லாம் அப்படிச் சாதுவாக வருவதில்லை. பார்த்தீனியம் இந்தியாவில் பரவுவது 1956இல் புனேயிலிருந்து பதிவானது. இன்று அது இல்லாத காலி மனை உண்டா? தொட்டால் சிலருக்கு அரிப்பு, பூந்தூள் பட்டால் தும்மல்.

நான் அடித்த வரிக்கு வருகிறேன். ஒரு மாணவி, "கேரட் இலை மாதிரி, வெள்ளைப் பூ, பாதையோரம் நாலு செடி" என்று எழுதியிருந்தாள். அது பார்த்தீனியமாகத்தான் இருக்க வேண்டும். "குப்பையில் வந்த களையை எல்லாம் எழுதாதே, நம் செடிகளை மட்டும் எழுது" என்று வகுப்பு முன்னால் கடிந்துகொண்டேன். அதற்குப்பின் யாருமே களையை எழுதவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் அந்த நாலு நாற்பதானதா, நானூறானதா, எந்தச் செடியின் இடத்தைப் பிடித்தது என்று சொல்ல என் நோட்டில் ஒரு வரியும் இல்லை. அந்த மேடும் இப்போது வீடுகளாகிவிட்டது, போய்ப் பார்க்கவும் வழியில்லை.

பதிவு செய்பவனுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். அம்மா, நீ இதைப் படித்தால் இந்தக் கிழவனை மன்னித்துக்கொள். நீ எழுதியதுதான் சரி.

மற்றவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவோரத்தில் தானாக முளைத்த ஐந்து செடிகளை எழுதுங்கள். இடமும் தேதியும் கட்டாயம். பெயர் தெரியாவிட்டால் படம் அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம். இந்த முறை சிவப்பு மை கிடையாது.