மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி நல்கைகள்

ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு சென்று பணிபுரிய ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் நிதியுதவித் திட்டம். 1996-இல் மேரி கியூரியின் பெயரில் தொடங்கியது. வார்சாவில் பிறந்து, 1891-இல் பாரிசுக்குப் படிக்கச் சென்ற அவரது போலந்துக் குடும்பப்பெயர் 2014-இல் சேர்க்கப்பட்டது, பொருத்தமான திருத்தம். 2021–2027 காலத்துக்கான ஒதுக்கீடு சுமார் 660 கோடி யூரோ.

முனைவர் பட்டம் பெற்றோருக்கான நல்கையே பலரும் அறிந்தது. ஐரோப்பாவுக்குள் பணிபுரியும் பிரிவில் எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும், தம்மை ஏற்கும் நிறுவனத்துடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். காலம் 12 முதல் 24 மாதங்கள். இதன் உயிர்நாடி இடப்பெயர்வு விதி: விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில், செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ பணியாற்றியோ இருக்கக் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியே செல்வோருக்கான பிரிவில், திரும்பி வந்து ஓராண்டு ஐரோப்பாவில் பணியாற்றுவது கட்டாயம்.

நல்கை பெறுபவரை நிறுவனம் சமூகப் பாதுகாப்புடன் ஊழியராகவே அமர்த்த வேண்டும் என்பது இத்திட்டத்தின் சிறந்த கூறு. ஆய்வு உழைப்பு உதவித்தொகையாகச் சுருங்காமல் முறையான வேலையாக மதிக்கப்படுகிறது. குடும்பம் உள்ளோருக்குத் தனிப்படியும் உண்டு. தேர்வாகாவிட்டாலும் 85 விழுக்காடும் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றவர்களுக்குத் தர முத்திரை வழங்கப்படுகிறது. அதைக் கொண்டு வேறு நிதி தேடலாம்.