சாயத்துக்கு அடியில் ஒரு கிதார்

கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரிலிருந்து லியோ பெண்டரின் நிறுவனம் 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிதார்களில் பழையதொன்று, பூச்சு உரிந்தும், பிற்காலத்தில் யாரோ அடித்த சாயத்தால் மூடுண்டும் வந்து சேருமாயின், அதன் ஜாதகத்தைக் கணிக்க வல்லவர் வர்ணத்தை நம்பாமல், திருகுகளைக் கழற்றி, கழுத்தின் அடிப்புறத்தில் பென்சிலால் குறித்த தேதியையும், பொட்டன்ஷியோமீட்டரின் மேல் பொறித்த இலக்கங்களையுமே முதலில் நாடுகிறார். இலக்கங்கள் 304 என்று தொடங்கினால் அப்பாகத்தைச் செய்தது ஸ்டாக்போல் நிறுவனம், 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனம்; பின்வருவன ஆண்டும் வாரமும். ஆயினும் அத்தேதி பாகத்துக்குரியதேயன்றிக் கிதாருக்குரியதன்று.

உடற்பலகை 1956-ன் நடுப்பகுதிவரை பெரும்பாலும் ஆஷ் மரம், பின்னர் ஆல்டர். பூச்சு வேலையின்போது பலகையைத் தாங்குவதற்கென அடித்து, வர்ணம் உலர்ந்தபின் பிடுங்கிய சிற்றாணிகளின் துளைகள் 1960-களின் முற்பகுதிவரை காணக்கிடைக்கும். அத்துளைகளுக்குள்ளும் சாயம் புகுந்திருப்பின், இடையில் வேறொரு கரம் மறுபூச்சுப் பூசிப் போயிற்று என்று சந்தேகிக்க இடமுண்டு.

அக்காலத்து நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வயதேற மஞ்சளிக்கும். திடீர்க் குளிரில் மயிரிழை மயிரிழையாய் வெடிக்கும். பிற்காலச் சாயத்தை அகற்ற அசிட்டோனைத் தொடுவது அபாயம். அடியிலுள்ள அசல் பூச்சையும் அது கரைத்துவிடும். கூரிய தகட்டால் சிறுகச் சிறுகச் சுரண்டுவார் உண்டு. அசலே உரிந்திருப்பின், அதை அப்படியே விட்டு, மின்னிணைப்புகளையும் பிரெட்டுகளையும் மட்டும் செப்பனிடுவதே என் கட்சி.