நுழைவும் தலைமையும்: சாலமன் கார்ட்டர் ஃபுல்லரை முன்வைத்து நரம்பியல் துறையில் நிறப்பாகுபாடு

அல்சைமர் நோயாய்வின் தொடக்க வரலாற்றில் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை. 1872இல் லைபீரியாவின் மன்ரோவியாவில் பிறந்த இவர், அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட ஒருவரின் பேரர். 1897இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, வெஸ்ட்பரோ அரசு மனநல மருத்துவமனையில் நோய்க்குறியியலாளராகப் பணியாற்றினார். 1904இல் மியூனிக் சென்று, அலோயிஸ் அல்சைமரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1912இல் அதுவரை அறியப்பட்டிருந்த நோயாளர் பதிவுகளைத் தொகுத்து, தாம் ஆராய்ந்த ஒருவரின் பதிவையும் இணைத்து, அந்நோய் பற்றிய முதல் விரிவான ஆங்கில மதிப்பாய்வை வெளியிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இடமிருந்தது; ஆனால் தலைமை மறுக்கப்பட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் துறைத் தலைவருக்குரிய பணிகளைச் சில ஆண்டுகள் ஆற்றியும் அப்பதவி அவருக்கு வழங்கப்படவில்லை; ஊதியமும் வெள்ளையர்க்கு வழங்கப்பட்டதினும் குறைவே. 1933இல் அவருக்கு இளையவரான வெள்ளையர் ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் உயர்த்தப்பட்டபோது ஃபுல்லர் பணியிலிருந்து விலகினார். இதனிடையே, டஸ்கீகி முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கெனக் கறுப்பின மருத்துவர்களைப் பயிற்றுவித்தார்.

அவர் 1953இல் மறைந்தார். பாஸ்டனில் ஒரு மனநல மையம் அவர் பெயரைத் தாங்கியது அதன் பின்னரே. எனவே, ஒரு துறையின் உள்வாங்கும் தன்மையை மாணவர் சேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. ஊதியம், பதவி உயர்வு, துறைத்தலைமை, ஆய்வு வரலாற்றில் பெறும் இடம் ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.