கொல்லன் மகன் கேட்டு வாங்கிய சொற்கள்

தோழர்களே, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயலும் நம் மாணவர்கள் பலரை வாசலிலேயே நிறுத்துவது பாடம் அல்ல, மொழித் தேர்வு. தமிழ் வழியில் படித்த மாணவிக்கு விசை, வேலை, திறன், ஆற்றல், புலம் எல்லாம் தெரியும். கணக்கும் போடுவார். ஆனால் ஐஈஎல்டிஎஸ் தேர்வில் ஒரு மணி நேரத்தில் மூன்று நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து நாற்பது கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். அதில் ஒரு கட்டுரை மின்சாரத்தைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ வந்துவிட்டால், தெரிந்த பாடமே அந்நியமாகிவிடுகிறது. உடனே "இங்கிலீஷ் வராதவங்களுக்கு சயின்ஸ் எப்படி வரும்" என்று சொல்ல ஆள் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. இயற்பியலின் ஆங்கிலச் சொற்கள் யார் வீட்டுப் பரம்பரைச் சொத்து?

மைக்கேல் ஃபாரடே 1791இல் லண்டன் அருகே ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு எழுத்தும் கணக்கும் தாண்டவில்லை. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறர் கட்டக் கொடுத்த புத்தகங்களைப் படித்துத்தான் மின்சாரத்தையும் வேதியியலையும் தெரிந்துகொண்டார். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தன் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியுடன் ஐரோப்பாவுக்குப் போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகத்தான் நடத்தினார்.

நாம் கவனிக்க வேண்டியது அவர் மொழியைக் கற்ற விதம். அவருடைய பேச்சும் எழுத்தும் உழைக்கும் குடும்பத்துடையவை. அறிவாளிகளின் சபையில் அது செல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எட்வர்ட் மக்ராத் என்ற நண்பர் வாரந்தோறும் அவருடன் உட்கார்ந்து உச்சரிப்பையும் வாக்கியத்தையும் திருத்தினார். பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடமும் ஃபாரடே பாடம் கேட்டார். படித்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஆங்கிலேயருக்கே அறிவியல் ஆங்கிலம் தாய்ப்பாலோடு வரவில்லை. அவர்களும் உட்கார்ந்து படித்தார்கள்.

1834இல் மின்னாற்பகுப்பு ஆய்வுக்கு ஃபாரடேவுக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஹியூவெலும் ஒரு தச்சரின் மகன்தான். அவர் எழுதி அனுப்பியவைதான் ஆனோடு, கேதோடு, அயான். ஏறும் வழி, இறங்கும் வழி, போவது. கிரேக்கத்தில் இவ்வளவுதான் பொருள். இன்று நம் பாடநூலில் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று இருப்பவை இவையே. 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லையும் 'ஃபிசிசிஸ்ட்' என்ற சொல்லையும் உருவாக்கியவரும் ஹியூவெல்தான். ஒரு கொல்லன் மகன் கேட்க, ஒரு தச்சன் மகன் செய்து கொடுத்த சொற்களைக் காட்டி நம்மை மிரட்டுவது எவ்வளவு பெரிய வேடிக்கை!

ஆனால் இந்தக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே இருந்தது வர்க்கம். இங்கே சாதி, மொழிக்கே பூட்டுப் போட்டது. பம்பாயில் பள்ளியில் படித்தபோது அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் படிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் எடுக்க வேண்டியிருந்தது. சமஸ்கிருதத்தைப் பின்னாளில் சொந்த முயற்சியில் கற்றார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆங்கிலத்தில் எழுதியே உலகத்தின் முன் சாதியை நிறுத்தினார்.

இயற்பியலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேக்நாத் சாகா 1893இல் டாக்கா அருகே ஒரு சிறு மளிகைக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தார். அவர் தலித் அல்ல. ஆனால் அவருடைய சாதி தாழ்ந்ததாக வைக்கப்பட்டிருந்தது. கல்கத்தாவில் மாணவர் விடுதியில் ஆதிக்கச் சாதி மாணவர்களோடு சேர்ந்து உண்ண அவருக்கு இடமில்லை. அன்று புதிய இயற்பியல் ஜெர்மன் மொழியில் இருந்தது. அவர் ஜெர்மன் கற்றார். சத்யேந்திரநாத் போஸுடன் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். 1920இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் விண்மீன்களின் ஒளியைப் புரிந்துகொள்ள உதவும் சாகா சமன்பாடும் வந்தது. பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் ஐன்ஸ்டைனை ஆங்கிலத்தில் பேச வைத்தார்!

இனி தேர்வின் வரலாறு. ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு முன்னோடியான தேர்வு 1980இல் வந்தபோது துறைவாரியாகத் தனித்தனி வினாத்தாள்கள் இருந்தன. 1989இல் ஐஈஎல்டிஎஸ் தொடங்கியபோது அவை மூன்றாகக் குறைந்தன. 1995இல் படிப்புத் துறை எதுவானாலும் ஒரே வாசிப்புத் தாள் என்றாகிவிட்டது. ஆகவே வரலாறு படிக்கப் போகிறவருக்கும் இயற்பியல் கட்டுரை வரலாம். துறை அறிவு தேவையில்லை, எல்லாருக்கும் பொது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கில இதழ்கள் கிடந்த பிள்ளைக்கும், முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கும் 'பொது' என்பது ஒன்றல்ல.

இடறுவது பெரும்பாலும் கடினமான சொல்லில் அல்ல, எளிய சொல்லில். 'வொர்க்' என்றால் உழைப்பு என்று நமக்குத் தெரியும். இயற்பியலிலோ விசையும் அதன் திசையில் நடந்த இடப்பெயர்ச்சியும் சேர்ந்ததுதான் வேலை. தலையில் செங்கல் சுமந்து சமதரையில் சீராக நடக்கும் தொழிலாளி அந்தச் சுமையைத் தாங்கும் விசையால் செய்யும் வேலை சுழி என்கிறது பாடநூல். நாள் முழுதும் சுமந்த நம் அம்மாக்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் உடல் எரித்த ஆற்றல் சுழி அல்ல. இயற்பியல் ஒரு சொல்லை எடுத்து, அதற்கு ஒரு குறுகிய பொருளை ஒப்பந்தமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'பவர்' அரசியலில் அதிகாரம், இயற்பியலில் திறன். 'சார்ஜ்' கட்டணமும் ஆகும், குற்றச்சாட்டும் ஆகும், மின்னூட்டமும் ஆகும். 'ஃபீல்டு' வயல்தான். நம் 'புலம்' என்ற சொல்லுக்கும் வயல் என்ற பொருள் உண்டு.

ஆகவே சொற்பட்டியலை உருப்போடாதீர்கள். தெரிந்த தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். குறிப்பேட்டில் ஒரு பக்கம் நாட்டு வழக்குப் பொருள், எதிர்ப்பக்கம் இயற்பியல் பொருள், கீழே நீங்களே எழுதிய ஒரு ஆங்கில வாக்கியம். சொல்லைக் குடும்பமாகப் படியுங்கள்: ரெசிஸ்ட், ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டர். வாரம் ஒரு நாள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் விளக்க, ஒருவர் திருத்துங்கள். ஃபாரடேவும் மக்ராத்தும் செய்தது இதுதான்.

தனிமனித முயற்சியோடு இது முடிந்துவிடாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்தே இருக்கிறது. ஆனால் அதுவரை போய்ச் சேர, மொழித் தேர்வைத் தாண்ட வேண்டும். தேர்வை ஒருமுறை எழுதவே பல ஆயிரம் ரூபாய். மதிப்பெண் செல்லுவது இரண்டு ஆண்டுகள்தான். ஆதிதிராவிடர் நல விடுதிகள் தோறும் மாலை நேர ஆங்கில வகுப்பும், தேர்வுக் கட்டணத்தை அரசே ஏற்பதும் நம் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும். வகுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விடுதி அறையில் நான்கு பேர் கூடினால் அதுவே படிப்பு வட்டம்.

கற்பி என்று அண்ணல் சொன்னதில், முன்னே தேர்வு எழுதியவர் பின்னே வருபவருக்குத் தன் குறிப்பேட்டைக் கொடுப்பதும் அடங்கும்.

ஜெய் பீம்!